மணப்பாட்டில் தங்காத இரவு

என் தங்கை அமெரிக்காவில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் அவள் வீட்டுக்காரரும் காரை எடுத்துக்கொண்டு அட்லாண்டிக் கடற்கரை ஓரமாகவே பத்து நாள் போனார்கள். வர்ஜீனியாவில் கிளம்பி, கரோலினா, ஜார்ஜியா என்று கீழே இறங்கி, புளோரிடா வரைக்கும். தினம் ஒரு சின்னக் கடற்கரை ஊர், தினம் எனக்கு ஏழெட்டுப் படம். மரத்தூண்களின் மேல் தூக்கிக் கட்டிய வீடு, அதன் முன்னால் இரண்டு ஆடும் நாற்காலி, கோடு போட்ட கலங்கரை விளக்கம், காகிதத் தட்டில் பொரித்த இறால். நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். தலைமுடியெல்லாம் பஞ்சுத்தூசியோடு நின்றுகொண்டு அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

படங்களைவிட அவள் போனில் சொன்ன ஒரு விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டமாட்டார்களாம். பிடித்த இடத்தில் நிறுத்துவார்களாம். ரொம்பப் பிடித்துவிட்டால் இன்னொரு ராத்திரியும் அங்கேயே தங்கிவிடுவார்களாம். தங்கி என்ன பண்ணுவீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் பண்ணமாட்டோம் என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன.

நாங்களும் ஊர் சுற்றாதவர்கள் இல்லை. வேன் பிடித்து, விடிவதற்கு முன்னால் குளித்து, ஒரே நாளில் ஒன்பது கோவில் பார்த்துவிட்டு வருகிற கூட்டம்தான் எங்களுடையது. திருச்செந்தூர்க் கடலை மட்டும் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். ஈரச் சேலையோடு, செருப்பையும் பையையும் யார் பார்த்துக்கொள்வது என்ற சண்டையோடு, வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கப் பார்த்த கடல் அது. கடலுக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரிகூட நான் தூங்கியதில்லை. எங்கள் வீட்டில் வெளியூரில் தங்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு கோவிலோ கல்யாணமோ சாவோ வேண்டும். சும்மா தங்குவது என்று ஒன்று கிடையாது. எனக்கு அந்தச் சும்மா வேண்டும் என்று தோன்றிவிட்டது.

தோன்றி ஒரு வருஷம் மனசுக்குள்ளேயே கிடந்தது. போன பங்குனியில்தான் அதற்கு ஒரு அவசரம் வந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் என் மகளுக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. மாதக் கடைசியில் வளைகாப்பு. வளையல் போட்டு ராஜபாளையத்துக்கு அழைத்து வர வேண்டும். அதற்குப் பிறகு என் நாட்கள் எப்படிப் போகும் என்பதைக் காலண்டரில் இப்போதே எழுதி வைத்துவிடலாம். பிரசவம், பத்தியச் சமையல், பிள்ளையைக் குளிப்பாட்டுவது, அவள் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளை என் இடுப்பில். நானே ஆசைப்பட்டுக் காத்திருந்ததுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து வருஷத்துக்கு நான் அசைய முடியாது. அதற்கு முன்னால் ஒரே ஒரு இடைவெளி இருந்தது, ஒரு புதன்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரை.

கம்பெனியில் லீவு சொன்னேன். தூத்துக்குடியில் ஒரு ராத்திரி, மணப்பாட்டில் ஒன்று, உவரியில் ஒன்று, கன்னியாகுமரியில் ஒன்று. எங்கேயும் அவசரப்படக் கூடாது. நம்முடைய தென்கிழக்குக் கரை தங்கையுடையதைவிட எதில் குறைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் மில் சாமான் கடை வைத்திருக்கிறார். பேரிங், பெல்ட், மோட்டார் உதிரிகள். அவருக்கு முதலில் புரியவே இல்லை. எதுக்குப் போறோம் என்று மூன்று நாள் கேட்டார். சும்மா என்றேன். சும்மான்னா என்ன என்று அதற்கும் கேட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்த பிறகுதான் சரி என்றார். அப்போதும் கடைக்கு வருகிறவர்களிடம் திருச்செந்தூர் போகிறோம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். காரணமே இல்லாமல் கடையைச் சாத்துகிறான் என்று யாராவது நினைத்துவிட்டால் மானம் போய்விடுமே.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு மாரியம்மனுக்குப் பங்குனியில் பொங்கல். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொடியேற்றிக் காப்புக் கட்டுவார்கள். எட்டு ராத்திரி கழித்து அவிழ்ப்பார்கள். கொடியேறும் ராத்திரியில் யார் யார் ஊர் எல்லைக்குள் படுத்துத் தூங்குகிறார்களோ, அவர்கள் காப்பு அவிழ்க்கும் வரை ஒவ்வொரு ராத்திரியும் எல்லைக்குள்தான் தூங்க வேண்டும். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். தலை சாய்க்க ஊருக்கு வந்துவிட வேண்டும். மீறினால் குடும்பத்தில் யாருக்காவது ஆகாது என்பார்கள். எந்த வருஷம் யார் மீறினார், அவர் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று தெருவுக்கு நாலு கதை இருக்கும்.

இதில் ஒரு சந்தும் உண்டு. கொடியேறுகிற அந்த ஒரு ராத்திரி எல்லைக்கு வெளியே படுத்துவிட்டால் காப்பு நம்மைக் கட்டாது. லாரிக்காரர்கள், சரக்கெடுக்கப் போகிற வியாபாரிகள் எல்லாரும் அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தக்காரர் வீட்டில் போய்ப் படுத்துவிட்டு விடிந்ததும் திரும்பி வருவார்கள். அதன் பிறகு எட்டு நாளும் அவர்களுக்கு விடுதலை. பூசாரியே சிரித்துக்கொண்டு வழி சொல்லி அனுப்புவார்.

கொடி அந்தச் செவ்வாய், நாங்கள் கிளம்புவது புதன். அதனால் செவ்வாய் மத்தியானமே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று நான்தான் யோசனை சொன்னேன். அரை மணி நேரம்கூட ஆகாத ஊர். அங்கே படுத்து எழுந்து காலையில் அப்படியே கடலுக்குப் போய்விடலாம். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அண்ணன் வீட்டில் மதினி எப்போது போனாலும் கறிக்குழம்பு வைப்பாள். அன்றைக்கு வெறும் சாம்பாரும் அவரைக்காயும். தெரு முனையில் வேப்பிலைத் தோரணத்தையும் பார்த்தேன். பங்குனியில் எந்தத் தெருவில்தான் வேப்பிலை இல்லை என்று ஒன்றும் நினைக்கவில்லை. அண்ணன் எங்கேயோ வெளியே போயிருந்தார். என் வீட்டுக்காரர் ஏழரைக்குச் சாப்பிட்டார், எட்டுக்குப் பாயில் சாய்ந்தார். சாப்பிட்டதும் தூங்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நானும் மதினியும் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மேளச் சத்தம் கேட்டது. என்ன மேளம் என்று கேட்டேன்.

"கொடி ஏத்துறாவ."

"எந்தக் கொடி?"

"நம்ம தெருக் கொடிதான். ஒங்க அண்ணன் குரூப்புல நோட்டீசு போட்டாவளே, பாக்கலையா?"

என் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. அங்கேயும் இதே கட்டுதான், ஆனால் எப்போதும் எங்கள் ஊருக்கு அடுத்த வாரம்தான் அவர்களுக்குக் கொடி. அந்த வருஷம் கரகாட்டக்காரர்களுக்கு அடுத்த வாரம் தேதி இல்லை என்று ஒரு வாரம் முன்னால் இழுத்து வைத்துவிட்டார்களாம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் சத்தத்தை நான் அடைத்து வைத்து ஒரு வருஷம் ஆகிறது. காலை வணக்கம் போட்ட பூப்படங்களை யார் உட்கார்ந்து பார்ப்பது? ஒரு ஊர்க் காப்புக்குத் தப்பி ஓடி, இன்னொரு ஊர்க் காப்பில் நானே போய்த் தலையைக் கொடுத்திருக்கிறேன். அதுவும் நான் பிறந்து வளர்ந்த தெருவில்.

மணி எட்டரைகூட ஆகவில்லை. அடுத்த ஊரான கிருஷ்ணன்கோவில் பக்கம்தான். அங்கே போய் ஒரு அறை எடுத்துப் படுத்தால் இன்னும் தப்பிக்கலாம். பையைத் தூக்கிக்கொண்டு போய் அவரை உலுக்கி எழுப்பினேன். அவர் எழுந்து உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டு, செத்த நேரம் யோசித்தார்.

"நான் தூங்கிட்டேனே," என்றார்.

அரை மணி நேரம் கண் அசந்ததெல்லாம் கணக்கா என்று சத்தம் போட்டேன். கொடி ஏறும்போது தூங்கிக்கொண்டுதானே இருந்தேன், தூக்கம் தூக்கம்தான் என்றார். வருஷா வருஷம் தீச்சட்டி எடுக்கிற மனுஷர். இதில் அவரோடு வாதாட முடியாது. அதற்குள் அண்ணன் கொடியேற்றம் முடித்து நெற்றி நிறைய மஞ்சளோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பஞ்சாயத்துக்காரர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"மாப்ள தூங்குனது தூங்குனதுதான். நீ தூங்கல. நீ போறதுன்னா போகலாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஐம்பது வயதில் முதல் முறையாக யாரோ என்னிடம் நீ போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கையில் பை இருந்தது. வாசல் திறந்திருந்தது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாதே என்றேன். பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் சொல்லவில்லை, நானும் அவர்கள் சொல்லிவிடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். மதினி பையை என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, நிம்மதியும் வந்தது.

விடிந்தபோது நானும் தூங்கி எழுந்திருந்தேன். இன்னும் ஏழு ராத்திரிக்கு இந்த வீடுதான். என் சொந்த வீடு ஒரு டவுன் பஸ் தூரத்தில் பூட்டிக் கிடக்கிறது, அதில் போய்ப் படுக்கவும் வழியில்லை. நாலு கடற்கரை ஊரில் உடுத்தவென்று எடுத்து வைத்த சேலைகளை மதினியின் கொடியில் காயப்போட்டு உடுத்தப் போகிறேன் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் தாங்கவில்லை. பகலில் போய்விட்டு வரலாமே என்று அவர்தான் மெதுவாக ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் மணப்பாட்டில் மாடி அறையை வாடகைக்கு விடும் அம்மா முந்தின நாள்தான் போன் பண்ணி, உங்களுக்காகப் போர்வையெல்லாம் துவைத்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். தூத்துக்குடியை விட்டுவிட்டு, ஒரு நாள் முன்னதாக இன்றைக்கே வருகிறோம் என்று அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, நேராக மணப்பாட்டுக்குக் கிளம்பினோம்.

போகிற வழியிலேயே ராஜபாளையம் வந்தது. எங்கள் தெரு முக்கில் நேற்று ஏற்றிய கொடி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குத் தப்பித்தான் இந்தப் பாடு. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிடித்த இடத்தில் நிறுத்துவதெல்லாம் என் தங்கையோடு போயிற்று. சங்கரன்கோவிலில் டீக்கு நிறுத்தியபோது அஞ்சு நிமிஷம் என்றார். திருநெல்வேலியைத் தாண்டி ஆற்றோரம் வாழைத்தோப்பாக வந்த இடத்தில் இறங்கி நிற்கலாமா என்று கேட்டேன். திரும்பி வர நாலு மணி நேரம் ஆகும், எட்டு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டுமென்றால் நாலுக்குக் கிளம்ப வேண்டும் என்று கணக்குச் சொன்னார். அதற்குப் பிறகு நானும் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில்தான் பார்த்தேன். போகிற ஒவ்வொரு மைலும் திரும்பி வர வேண்டிய மைலாக இருந்தது. முளையில் கட்டிய ஆடு கயிறு எட்டும் வரைக்கும் மேய்கிற மாதிரிதான். நடுநடுவே கடை போன் வேறு. பேரிங் நம்பரை அவர் கத்திச் சொல்லச் சொல்ல, பனைகளும் சிவந்த தேரி மணலும் வந்து போய்விட்டன.

மணப்பாட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். கடலுக்குள் ஒரு மணல்குன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் வெள்ளையாக ஒரு சிலுவைக் கோவில். கீழே படகுகள். வீட்டுக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் சிலுவை, நைட்டி மேல் ஒரு துண்டு. கணவர் கப்பலில், பிள்ளைகள் துபாயில். எங்களுக்காகக் காலையிலேயே கடற்கரைக்குப் போய் ஏலத்தில் விளமீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். வாசனை தெருவரைக்கும் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, காப்பில் இருப்பவர்கள் கவுச்சி தொடக் கூடாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. எங்களுக்கும் ஈஸ்டர் வரைக்கும் தவசு காலந்தானே, நானும் வெள்ளிக்கிழமை தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு ரசம் வைத்து அப்பளம் பொரித்தாள். எதிரே சட்டியில் ஆவி பறக்க மீன் குழம்பு இருக்க, நாங்கள் இருவரும் ரசம் சோறு சாப்பிட்டோம். தங்கை அனுப்பிய இறால் படம் ஞாபகம் வந்தது. யாரையாவது பிடித்துத் திட்ட வேண்டும் போல இருந்தது, திட்ட ஆள் கிடைக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு அவர் படகுகளைப் பார்க்கப் போனார். ஒரு படகின் இன்ஜினை யாரோ பிரித்துப் போட்டிருந்தார்கள், அதை விட்டு அவரால் நகர முடியவில்லை. வீட்டுக்கார அம்மா என்னை மாடிக்குக் கூட்டிப்போனாள். சின்ன அறை. ஒரு கட்டில், நீலப் போர்வை, ஒரு ஜன்னல். ஜன்னல் முழுக்கக் கடல். செத்த நேரம் படுத்து எந்திரிங்க என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

படுத்தேன். போர்வையில் வெயில் வாசனை. காற்றாடி போடாமலே காற்று வந்தது. கடல் சத்தத்தை அதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. திருச்செந்தூரில் கேட்டதெல்லாம் கூட்டத்தின் சத்தம். இது வந்து, கொஞ்சம் நின்று, மறுபடி வந்தது. உடம்பில் எங்கெங்கே எல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது ஒவ்வொன்றாகத் தெரிந்து ஒவ்வொன்றாக விட்டது. கண் தானாகச் சொக்கியது.

தூங்கிவிடுவேன் என்று தெரிந்ததும் திடுக்கென்று கண்ணைத் திறந்தேன். பகல் தூக்கம் கணக்கா இல்லையா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. ராத்திரிதான் கணக்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கண்ணை மூடத் துணியவில்லை. பி.எஸ்சி. படித்தவள், நாற்பது பெண்களை வேலை வாங்குகிறவள், இந்தக் காப்பையும் கட்டையும் வீட்டில் கிண்டல் பண்ணுகிறவள், விரித்த படுக்கையில் கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தேன். அழுகை வந்தது. அழுதேன்.

அப்போது மகள் கூப்பிட்டாள். அப்பா எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போல. அவள் பெரிய மனுஷி மாதிரி பேசினாள்.

"ஒரு நாள் இருந்துட்டு வாம்மா. எனக்கு ஒண்ணும் ஆகாது."

அப்படியெல்லாம் பேசாதே என்று அவள் வாயை அடக்கினேன். அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. காலையிலிருந்து நான் நினைக்காமல் ஒதுக்கி ஒதுக்கி வைத்திருந்ததை அவள் பாட்டுக்கு எடுத்து நடுவில் வைத்துவிட்டாள். கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் இருக்கு, டாக்டர் அது சகஜம்னு சொன்னாங்க என்றாள். பிள்ளை அசைகிறதா என்று கேட்டேன். நேற்று நிறைய, இன்று கொஞ்சம் கம்மி என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தக் கொஞ்சமும் கம்மியும் எனக்குப் போதும். எழுந்து உட்கார்ந்து தலையை முடிந்துகொண்டேன்.

மூன்றே முக்காலுக்கு அவர் மாடிக்கு வந்தார். கிளம்பச் சொல்லத்தான் வருகிறார் என்று செருப்பைத் தேடினேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அழுதது தெரிந்திருக்கும்.

"இருந்துருவோமா?" என்றார்.

நான் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டேன்.

"இம்புட்டு ஆசப்பட்டு வந்திருக்க. ஒரு ராத்திரிதான. வாரது வரட்டும், நான் பாத்துக்கிடுதேன்."

அவர் அதை எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் அம்மனுக்குத் தீச்சட்டி ஏந்துகிறவர். டீக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காதவர். எதற்குப் போகிறோம் என்று இன்றுவரை அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் சொன்னார். இருபத்தாறு வருஷத்தில் அவர் எனக்குக் கொடுத்ததிலேயே பெரிய பொருள் அதுதான். நான் அவரைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும்.

"வேண்டாம். வண்டிய எடுங்க," என்றேன்.

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. நேற்று ராத்திரியிலிருந்து என்னைப் பிடுங்கியெடுத்தது யார் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். படி இறங்கினேன். வீட்டுக்கார அம்மா மீன் குழம்பை ஒரு தூக்கில் ஊற்றி, உங்க அண்ணன் வீட்டுலயும் தொடமாட்டாவ இல்ல என்று அவளே ஞாபகம் வந்து திரும்ப வைத்தாள். வாசலில் நின்று, பொறவு எப்ப வருவிய என்று கேட்டாள். நான் மனசுக்குள் எண்ணினேன். பிரசவம், மூணு மாசம், ஆறு மாசம், பிள்ளைக்குப் பல் முளைப்பது, நடப்பது, பள்ளிக்கூடம். எண்ணி முடியவில்லை. சொல்லுதேன் என்றேன். அவள் நம்பியிருக்கமாட்டாள்.

திருநெல்வேலி நெருங்கும்போதுதான் அவர் கேட்டார்.

"நீதான் இதெல்லாம் நம்பலைன்னு சொல்லுவியேட்டி."

"நம்பல."

"பொறவு என்ன?"

"பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள், சொல்ல விடவும் மாட்டேன் என்றார். எனக்கு அது தெரியும். அவரும் சொல்லமாட்டார், மகளும் சொல்லமாட்டாள். அண்ணன் நாலு நாள் முணுமுணுப்பார், அதை நான் காதில் வாங்கிக்கொள்ளமாட்டேன்.

"நான் சொல்லுவேனே," என்றேன்.

இருட்டியதும் ஒரு இடத்தில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். அவசரப்படுத்தவில்லை. ஆனால் நான்தான் இரண்டு தடவை மணி பார்த்தேன்.

எட்டு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தோம். மதினி பாயை விரித்து வைத்திருந்தாள். உவரிக்கும் கன்னியாகுமரிக்கும் போன் பண்ணி வரவில்லை என்று சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் தினமும் காலையில் ராஜபாளையத்துக்குப் போய்க் கடையைத் திறப்பார், சாயங்காலம் மச்சினன் வீட்டுக்குத் தூங்க வருவார். நானும் லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போய் வந்தேன். கம்பெனியில் கடல் எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம் நல்லா இருந்தது என்றேன். எட்டாம் நாள் காப்பு அவிழ்த்தார்கள். அதற்கு அடுத்த மூன்றாம் நாள் வளைகாப்பு.

சித்திரைக் கடைசியில் மகளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நல்ல எடை, நல்ல நிறம், கத்தலும் அதற்குத் தகுந்த மாதிரி. அவர் பக்கத்தில் நின்று ஒற்றை விரலால் அதன் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சந்தோஷம் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று வந்துவிட்டது. நல்ல வேளை, அன்றைக்குத் திரும்பி வந்தோம். பிள்ளையைக் கையில் வாங்கியதும் என் மனசு சொன்ன முதல் வார்த்தை அதுதான். நம்பாத ஒன்றுக்கு மனசார நன்றி சொல்லிக்கொண்டு நின்றேன். இனி எந்த ஊரிலும் கொடியே ஏறாவிட்டாலும் நான் வெளியே எங்கும் தங்கமாட்டேன் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.